இடித்த மண்டபத்தின் கற்கள்

கள்ளக்குறிச்சி
3-3-2025

மேஸ்திரி அண்ணனுக்கு,

ஜூலியா எழுதுகிறேன். பத்து நாளாக உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் மூன்று நாள் மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. அப்புறம் மணியும் அடிக்கவில்லை. சின்னசேலத்துக்குப் போய் உங்கள் வீட்டில் விசாரித்தேன். கல்வராயன் மலையில் ஏதோ பள்ளிக்கூட விடுதி வேலையை ஒப்புக்கொண்டு போய்விட்டார், வெள்ளிமலையைத் தாண்டி டவரே கிடைக்காத ஊர் என்றார்கள். விலாசத்தை வாங்கிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

அரங்கநாதன் சாருக்கு நான் கொடுத்த வாக்கு உங்களுக்குத் தெரியும். அவருடைய பழைய கல்யாண மண்டபத்தை இடித்துவிட்டு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதே இடத்தில் மூன்று மாடி விடுதி. இடித்ததில் ஒரு டிராக்டர் மண்கூட வெளியே போகாது, எல்லாவற்றையும் அங்கேயே உடைத்து பிளாக் கல் போட்டு அதிலேயே சுவர் எழுப்புவோம் என்று சொன்னேன். இந்த ஊரில் யாரும் செய்யாத வேலை. உங்களை நம்பித்தான் சொன்னேன்.

சேலத்திலிருந்து டெஸ்ட் ரிப்போர்ட் வந்த அன்று, நான் நின்ற இடத்தில் நீங்கள் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பீர்கள். சதுர மில்லிமீட்டருக்கு நாலு நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டிய கல் இரண்டரைகூடத் தாங்கவில்லை. சுவர் ஜன்னலைத் தாண்டி லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. இடிக்கச் சொல்லாமல் வேறென்ன சொல்வது? கோபத்தில் ஒரு வார்த்தை கூடப் போயிருக்கலாம். அதற்காக எட்டு வருஷப் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போவீர்கள் என்று நினைக்கவில்லை.

கீழ்த்தளத்தில் வேலை நிற்கிறது. எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஜூலியா


வெள்ளிமலை
14-3-2025

இஞ்சினியரம்மாவுக்கு வீரமுத்து எழுதிக்கிறது.

உங்க கடுதாசி வந்துது. இங்க தபால்காரரு வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் வர்றாரு, அதான் லேட்டு. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவன். எழுத்து கோணலா இருக்கும்.

ஒரு வார்த்த கூடப் போயிருக்கலாம்னு எழுதிக்கிறீங்க. அது இன்னா வார்த்தன்னு எழுதல. நான் எழுதறன். "இவ்ளோ வருசம் கட்டி இன்னா கத்துக்கினீங்க?" அதான் நீங்க கேட்டது. இருவத்திரண்டு பேரு நின்னுக்கினு இருந்தாங்க. சித்தாளுங்க, சென்ட்ரிங் பசங்க, ஜல்லி இறக்க வந்த டிரைவரு. முப்பது வருசமா கட்றன். தூக்குக்குண்டு போட்டு ஒரு நூல் கூட வெலகாத செவுரு அது. கல்லு தாங்கலன்னா செவுத்த கட்னவன கேக்கறதா, கல்ல போட்டவங்கள கேக்கறதா?

இன்னொண்ணும் சொல்றன். மண்டபத்த இடிக்கறதுக்கு முன்னாடி, மேடைக்கு மேல பூப்பூவா வெள்ளையா சீலிங் இருந்துதே, அத்த ஆளுங்கள உட்டு கையால எறக்கிடலாம், மொத்தத்துல கலந்தா கல்லு வெளங்காதுன்னு சொன்னன். நீங்க ஜேசிபி ரெண்டு நாளுதான் கெடைக்கும்னு சொல்லிட்டு உள்ள உட்டுட்டீங்க. ரிப்போர்ட்டு வர்றதுக்கு முன்னாடியே செவுத்த எழுப்பச் சொன்னதும் நீங்கதான். அத்தயெல்லாம் அன்னிக்கி நான் திருப்பி சொல்லல. பொம்பள புள்ள, நாலு பேருக்கு முன்னாடி தல குனியக்கூடாதுன்னு வாய மூடிக்கினன். கரண்டிய கழுவி பையில போட்டுக்கினு பஸ் ஏறிட்டன்.

இங்க டேவிட் சாருன்னு ஒருத்தரு பள்ளிக்கூடத்த பாத்துக்கறாரு. மரியாதையா பேசறாரு. மலப் புள்ளைங்க தங்கறதுக்கு ஆறு ரூம்பு கட்றன். நான் வர்ல. வேற மேஸ்திரிய பாத்துக்குங்க.

வீரமுத்து


கள்ளக்குறிச்சி
27-3-2025

மேஸ்திரி அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதியிருந்தேன் என்று படித்துப் பார்த்தபோது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் இடித்த சுவரின் கற்களில் பத்தை எடுத்து சம்மட்டியால் உடைத்துப் பார்த்தேன். சித்தாள் செந்தமிழ்ச்செல்வி பக்கத்தில் நின்றிருந்தாள். உடைந்த கல்லைக் கையில் வாங்கி, நகத்தால் கீறி, "இது அந்த மேடை சீலிங்கு மேடம்" என்று காட்டினாள். வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. எல்லாக் கல்லிலும் இருந்தது. நான் கல்லூரியில் படித்தது, நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்னது, இரண்டும் ஒன்றுதான். அந்த ஜிப்சம் பூச்சு கலந்தால் சிமெண்ட் பிடிக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் விட்டேன்.

உங்களைப் பேசிய அதே இடத்தில், அதே பதினொரு மணி டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். அன்றைக்கு இருந்தவர்களில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். "செவுத்துல தப்பு இல்ல. கல்லுலதான் தப்பு. கல்லு என் பொறுப்பு. மேஸ்திரி சீலிங்க கையால எறக்கச் சொன்னாரு. நான் கேக்கல. அன்னிக்கி அவர நான் பேசினது அநியாயம்" என்றேன். செல்விதான் கேட்டாள்: "இத மேஸ்திரிக்கும் சொல்லிட்டீங்களா மேடம்?"

அதனால் இந்தக் கடிதம். என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே. நீங்கள் வரவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டேன்.

அரங்கநாதன் சாரிடமும் சொன்னேன். கெட்டுப்போன கற்களைக் கட்டடத்தைச் சுற்றி வரும் நடைபாதைக்கு அடியில்கூடப் போட முடியாது, தனியாக ஒதுக்கிவிட்டேன் என்றதும் முகம் கறுத்துவிட்டது. மீதி இருக்கும் இடிபாட்டுக் குவியலை இப்போது கையால் பிரிக்கிறோம். செல்வியோடு ஆறு பெண்கள். கான்கிரீட் ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம், வெள்ளைப் பூச்சு, மரம், ஓடு எல்லாம் தனித்தனி. செல்வி சலித்து ஒதுக்கியதை நான் மறுபடி சோதிப்பதையே விட்டுவிட்டேன். ஒரு துண்டுகூடத் தப்புவதில்லை. புதுக் கற்கள் போட ஆரம்பித்துவிட்டோம்.

ஜூலியா


வெள்ளிமலை
12-4-2025

இஞ்சினியரம்மாவுக்கு,

உங்க கடுதாசிய மூணு வாட்டி படிச்சன். டேவிட் சாரு "ஊர்ல எதுனா கெட்ட சேதியா மேஸ்திரி"ன்னு கேட்டாரு. இல்ல சார், நல்ல சேதிதான்னு சொன்னன்.

முப்பது வருசத்துல எத்தினியோ இஞ்சினியருங்க கிட்ட வேல பாத்துட்டன். செவுரு வெடிச்சா மேஸ்திரி மேல போடுவாங்க. ஒழுகினா மேஸ்திரி மேல போடுவாங்க. ஆளுங்கள நிக்க வச்சி என் தப்புன்னு சொன்னவங்க ஒருத்தரும் கெடையாது. அதுக்கு எவ்ளோ தகிரியம் வேணும்னு எனக்குத் தெரியும். ஏன்னா எனக்கு இருந்ததில்ல.

என் கதயயும் சொல்றன். நான் இடிச்ச வூடு, கடைங்களுக்கெல்லாம் கணக்கே இல்ல. எல்லா மண்ணயும் ஏரிக்கரையிலதான் கொட்டினன். டிராக்டரு காரன் எங்க கொட்றதுன்னு கேப்பான், ஏரில கொட்றான்னுவன். அவ்ளோதான் பேச்சு. அந்த ஏரிக்கு தண்ணி வர்ற ஓடையே மூடிப்போச்சு. பொறவு மழ பேஞ்சா தெருவுல தண்ணி நிக்குதுன்னு நாமளே திட்டிக்கினு போறோம். நீங்க மொத நாளு "ஒரு டிராக்டரு கூட வெளிய போகாது"ன்னு சொன்னப்ப மனசுக்குள்ள சிரிச்சன். படிச்ச புள்ள பேசுது, பத்து நாள்ல அடங்கிடும்னு நெனச்சன். நீங்க அடங்கல.

இங்க மேல வந்து பாத்தா வேற மாதிரி இருக்குது. ஒரு மூட்ட சிமெண்டு கச்சிராயபாளையத்துலேர்ந்து ஜீப்புல வளைவு வளைவா ஏறி வரணும். ஒரு கல்லு ஒடஞ்சாலும் யாரும் தூக்கி எறியறதில்ல. அந்த துண்டு எங்கனா உள்ள போயிடுது. வேல ஆரம்பிச்சதும் என்ன மொதல்ல செய்யச் சொன்னாங்க தெரியுமா? அஸ்திவாரம் இல்ல. குழி. பெரிய குழி தோண்டி அதுல தார்ப்பாய விரிச்சாங்க. பக்கத்துல இருக்கற பழைய பள்ளிக்கூட தகரக் கூரையிலேர்ந்து பைப்பு உட்டாங்க. மாசியில பேஞ்ச ஒரு மழத்தண்ணி நெறஞ்ச பொறவுதான் வூட்டு வேல. பூமிக்கு அடியிலேர்ந்து எடுக்கலாம்ன்ற நெனப்பே இங்க கெடையாது. பாறதான் இருக்குது.

புதுக் கல்லு டெஸ்டுக்கு போயிடுச்சா? கல்லு இறுக இருவத்தெட்டு நாளு ஆவட்டும். அவசரம் வேணாம்.

செல்விய கேட்டன்னு சொல்லுங்க.

வீரமுத்து


கள்ளக்குறிச்சி
6-5-2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நல்ல செய்தியோடு பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். நல்ல செய்தி இல்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் சைட்டின் போர்வெல் வற்றி நின்றுவிட்டது. ஐந்நூறு அடியிலிருந்து காற்றுதான் வருகிறது. சுவர் வேலை புதுக் கல்லின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கட்டும் என்று, தூண்களின் மேல் முதல் மாடி கூரைக்கு சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்துவிட்டோம். கான்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் பத்து நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அரங்கநாதன் சார் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், தண்ணி லாரி வரும்" என்றார். வந்தது. ஒரு நாளைக்கு மூன்று நடை. எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். கச்சிராயபாளையத்தைத் தாண்டி எங்கள் ஊர் திரும்பும் இடத்தில் ஒரு கிணறு இருக்கிறது. அங்கே லாரி நின்றிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தென்னை தூரம் தள்ளி ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு. அதில் சகதிதான் இருந்தது. ஊற ஊற ஒரு குடம் ஒரு குடமாக எடுக்க முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். லாரி கண்ணாடியில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: "அரங்கநாதன் ஹாஸ்டல்."

வரிசையில் ஏழாவது ஆளாக எங்கள் அம்மா நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். லாரியைப் பார்த்தார்கள். குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்திவைத்தார்கள். அந்த விடுதியை நான்தான் கட்டுகிறேன் என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறவர்கள் அவர்கள். அண்ணே, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிரைவரிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அவன் ஓனரைக் கேட்கவேண்டும் என்றான். "நான்தான் இஞ்சினியர். நான் சொல்றேன், இனிமே இங்கேர்ந்து ஒரு சொட்டு அந்த சைட்டுக்கு வேணாம்" என்றேன். நிறுத்திவிட்டான்.

அரங்கநாதன் சார் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பணம் குடுத்துதானே வாங்கறோம். நீ இல்லன்னா வேற ஆளு அதே தண்ணிய வச்சி கட்டுவான்" என்றார். ஜூன் பதினைந்துக்குள் கூரை முடியாவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம். அவர் சொல்வதும் நிஜம்தான். நான் விலகிக்கொண்டால் அந்த லாரி மறுபடி அதே கிணற்றுக்குப் போகும். வேலையை விடவும் முடியாது, தண்ணீரை எடுக்கவும் முடியாது.

சைட்டில் யாரும் இல்லை. கொத்தனார்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். செல்வி மட்டும் தினமும் வந்து பிரித்த குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகிறாள். ஊரில் இருக்கும் கட்டடக்காரர்கள் என்னைப் பார்த்து, "பெரிய தர்மராணி" என்று பேசிக்கொள்கிறார்களாம். என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களிடம் சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று எழுதினேன்.

ஜூலியா


வெள்ளிமலை
10-5-2025

இஞ்சினியரம்மா,

தபால்ல போட்டா லேட்டாவும்னு பஸ் டிரைவரு கிட்ட குடுத்து உட்றன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கற ஹார்டுவேர்ஸ் கடையில வச்சிடுவாரு.

குழி தோண்டுங்க.

பிளான்ல பின்னாடி பக்கம் தரைக்கு அடியில தண்ணித் தொட்டி, சம்ப்பு இருக்குதில்ல, அதே எடத்துல இப்பவே தோண்டிடுங்க. இருவதுக்கு பன்னெண்டு, ஏழடி ஆழம். கட்ட வேணாம். கட்றதுக்கும் தண்ணி வேணும். கனமான தார்ப்பாயா வாங்கி விரிங்க. அடியில மணலு போட்டு அணச்சி விரிங்க, கூரான கல்லு குத்தாம. சம்ப்ப பொறவு கட்டிக்கலாம்.

கூர உங்க கிட்ட இல்ல. பக்கத்துல பூமாலயோட ரைஸ் மில்லு இருக்குது. எட்டாயிரம் சதுர அடி சீட்டுக் கூர. அவ்ளோ தண்ணியும் எறவாணத்துலேர்ந்து தெருவுல ஊத்தி சாக்கடையில போவுது. வருசா வருசம் மில்லு வாசல்ல தண்ணி நிக்குதுன்னு அவரே பொலம்பிக்கினு இருப்பாரு. போயி கேளுங்க. முடியாதுன்னா என் பேர சொல்லுங்க. அவரு வூட்டு மாடி நான் கட்னது.

இங்க மலையில நாலு நாளா சாயங்காலமா இடி இடிக்குது. ரெண்டு வாட்டி பேஞ்சிடுச்சி. கோட மழ கீழயும் எறங்கும். மழைக்கு முன்னாடி குழி ரெடியா இருக்கணும். கூரைக்கு தண்ணி கட்டறப்ப பாத்தில சும்மா நிறுத்தினா வெயில்ல பாதி ஆவியாப் போயிடும். வைக்கல பரப்பி, அது மேல சாக்க போட்டு நனைங்க. பாதி தண்ணி போதும்.

அந்த லாரிய நிறுத்தினீங்களே, அதுக்கு நான் ஒண்ணியும் எழுதல. எழுத வரல. இந்த குழிய அதுக்கு பதிலா வச்சிக்குங்க.

வீரமுத்து


கள்ளக்குறிச்சி
12-6-2025

அண்ணனுக்கு,

கூரை போட்டாயிற்று. தண்ணீர் கட்டி முடித்தாயிற்று. விளக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பூமாலையிடம் போனேன். அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சீட்டில் ஓட்டை போடுவீர்களா, தூசு பறக்குமா, மில் வேலை கெடுமா என்று ஒரு மணி நேரம் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். "வீரமுத்து சொன்னானா? அப்ப சரி, அவன் தேவையில்லாம ஒரு ஆணி அடிக்கமாட்டான்" என்றார். செல்வியும் அந்த ஆறு பெண்களும் வந்தார்கள். இயந்திரம் வைக்கவில்லை. குழியில் எடுத்த மண்ணைப் பின்னால் தோட்டத்துக்கென்று சேர்த்துவைத்தோம். பன்னிரண்டு நாள் வேலை. முடிந்த பிறகு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மூன்று நாள் மேகம் வந்து வந்து கலைந்தது. அரங்கநாதன் சார் வந்து காலிக் குழியைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மே இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்தது. ஒரு மணி நேரம் நல்ல மழை. மில் கூரையின் தண்ணீர் முழுக்க நான்கு குழாய்களில் இறங்கிக் குழியில் விழுந்தது. நான் போட்ட கணக்கு முப்பதாயிரம் லிட்டருக்குக் கிட்டத்தட்ட வந்தது. குச்சியை விட்டு அளந்தபோது குழியில் பாதிக்கு மேல் இருந்தது. மழையோடு மழையாக அரங்கநாதன் சார் வந்தார். குழியின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். "இவ்ளோ தண்ணியும் வருசா வருசம் என் வாசல் வழியாத்தான் போயிக்கினு இருந்துதா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். மில் வாசலில் அன்று தண்ணீரே நிற்கவில்லை.

இரண்டாவது மழை மே இருபத்தெட்டில். குழி நிரம்பியது. தண்ணீரைக் கான்கிரீட்டுக்கு ஆகுமா என்று சோதித்துப் பார்த்து, மறுநாள் கூரை போட்டோம். நீங்கள் சொன்னபடி வைக்கோலும் சாக்கும். பன்னிரண்டு நாள் கட்டியும் குழியில் இன்னும் இரண்டடி இருக்கிறது.

புதுக் கற்களின் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. நாலரை. எடுத்துப்போன பன்னிரண்டில் ஒன்றுகூட நாலுக்குக் கீழே இல்லை. செல்வியிடம் காகிதத்தைக் காட்டினேன். நாலரை என்று போட்டிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது முக்கியமான விஷயம். ஊருக்குள் மூடிக்கிடக்கும் அந்தப் பழைய தியேட்டரை இடிக்கப்போகிறார்கள். அதன் சொந்தக்காரர் கவியரசன் நம் சைட்டை வந்து பார்த்துவிட்டு, "எங்க தியேட்டரயும் இதே மாதிரி, ஒரு லோடு மண்ணுகூட ஏரிக்குப் போகாம செஞ்சு தரமுடியுமா?" என்று கேட்டார். மண்டபத்தைவிட மூன்று மடங்கு பெரிய வேலை. தனியாக என்னால் முடியாது. கூலிக்கு மேஸ்திரியாக உங்களைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. என்னோடு கூட்டாளியாக வாருங்கள். போர்டில் இரண்டு பெயரும் இருக்கட்டும். என்னிடம் படிப்பு இருக்கிறது. எனக்கு எங்கே அவசரம் வரும் என்று பார்த்துத் தடுக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அம்மா ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறதாம். நேற்று போனில் சொன்னார்கள்.

ஜூலியா


வெள்ளிமலை
25-6-2025

இஞ்சினியரம்மாவுக்கு,

கடுதாசிய டேவிட் சாருக்கும் படிச்சி காட்னன். போர்டுல என் பேர போடறன்னு சொன்னது என் ஆயுசுக்கும் போதும். நெஜமாத்தான் சொல்றன்.

ஆனா நான் வர்ல. கோவம் எப்பவோ போயிடுச்சி. அத்த நெனைக்காதீங்க. இங்க ரெண்டாவது கட்டடம் ஆரம்பிக்கறாங்க, பொட்டப் புள்ளைங்களுக்கு. செய்யறன்னு வாக்கு குடுத்துட்டன். இந்த காத்தும் எனக்கு ஒத்துக்கினு போவுது.

இன்னொரு காரணமும் இருக்குது. நீங்க ஆளுங்க முன்னாடி ஒங்க தப்ப சொன்னீங்க. நான் சொல்லாம வச்சிக்கினு இருக்கறத இப்ப சொல்றன். அஞ்சு வருசத்துக்கு முன்ன கலெக்டர் ஆபீசு ரோட்டுல ஒரு வூட்டு வேல செஞ்சோம், ஞாபகம் இருக்குதா? அங்க ஒரு நாளு மதியானம் சாப்பாட்டுக்கு குந்திக்கினு இருக்கறப்ப செல்வி என்ன வந்து கேட்டா. "எனக்கும் செவுரு கட்ட சொல்லித்தாங்க மேஸ்திரி. கல்லு தூக்கித் தூக்கி எந்தக் கல்லு எங்க போவணும்னு எனக்கே தெரியுது"ன்னா. நான் சிரிச்சன். பொம்பள கரண்டி புடிச்சா செவுரு வெக்கப்படும்னு சொன்னன். கூட இருந்த கொத்தனாருங்க எல்லாம் சிரிச்சாங்க. அவ சட்டிய எடுத்துக்கினு போயிட்டா. அதுக்கு பொறவு கேக்கவேயில்ல.

நீங்க என்ன பேசினதுக்கு நான் கோவிச்சிக்கினு மலையேறி வந்து உக்காந்துக்கினன். அவ மறுநாளு காலையில எட்டு மணிக்கு வேலைக்கு வந்தா.

ஒடச்ச கல்லுல வெள்ளய கண்டுபுடிச்சது யாரு? குவியல பிரிச்சது யாரு? வேல நின்னப்ப தெனம் வந்து தார்ப்பாய மூடினது யாரு? அந்த நாலரயில பாதி அவளது. நான் கூட்டாளியா வந்தா மறுபடியும் அவ கல்லு தூக்கிக்கினுதான் இருப்பா, நான் கட்டிக்கினு இருப்பன். ரெண்டாவது மாடி உள் செவுரு பாக்கி இருக்குதில்ல, அத்த அவ கிட்ட குடுங்க. கொத்தனாரு கூலியே குடுங்க. தியேட்டரு வேலைக்கு பிரிக்கற ஆளுங்களுக்கெல்லாம் அவளயே தலைவியா வைங்க. கொத்தனாருங்க மொணகுவாங்க. மொணகட்டும்.

நான் சிரிச்சது தப்புன்னு அவ கிட்ட சொல்லுங்க. நீங்க சொன்ன மாதிரியே, எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க. இந்தக் கடுதாசிய படிச்சி காட்டுங்க.

வீரமுத்து


கள்ளக்குறிச்சி
16-7-2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தேன். சிரித்த கொத்தனார்களில் இரண்டு பேர் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், இன்றுவரை வரவில்லை. செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேஸ்திரி எதுக்கு இதையெல்லாம் எழுதிக்கினு" என்றாள். அவ்வளவுதான்.

கரண்டியைக் கொடுத்தபோது முடியாது என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டாவது மாடியில் வடக்குப் பக்கத்துக் கடைசி அறை. நூல் கட்டுவதை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். முதல் வரிசைக்கு ஒரு மணி நேரம் ஆனது. சாந்து அதிகம் வைத்து வைத்து எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றால் இடைஞ்சல் என்று கீழே இறங்கிவிட்டேன். நான்காவது வரிசைக்கு மேல் சத்தம் மாறியது. கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் ஒரு தட்டு, அடுத்த கல். கீழ் மாடியில் பூசிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்கள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. மேலே போனேன். இடுப்பளவு சுவர். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. செல்வி நான்கு அடி தள்ளி, கையில் சாந்து காய்ந்திருக்க, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"சாப்பிட வரலியா செல்வி?" என்றேன்.

"நீங்க போங்க மேடம். கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருக்கறன்" என்றாள்.

ஜூலியா